வயிற்றுக்குப் பயந்து சோற்றை விடாதீங்க

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், மருத்துவமனை ஒன்றில் உணவு ஆலோசகராகப் பணிபுரியும் சகோதரி ஆற்றிய உரை. அன்று வர இயலாத உறுப்பினர்களுக்காகப் பேசியபடியே தருகிறோம்.)



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடிச்சிட்டீங்க. இனிமே கொஞ்ச நேரம் வயிற்றைப் பற்றிப் பேசுவோம். தலைவி அம்மா என்னைக் கூப்பிடும்போது "ரத்தசோகை பத்திப் பேசுங்க" என்றுதான் சொன்னார்கள். முருங்கைக்கீரை சாப்பிடுங்க, பேரீச்சம்பழம் சாப்பிடுங்க என்று நீங்கள் இதுவரை நூறு கூட்டத்தில் கேட்டிருப்பீர்கள். நான் இன்றைக்கு வேறொரு கூட்டத்தாரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். கீரையும் சாப்பிடுகிறார்கள், மாத்திரையும் போடுகிறார்கள், ஆனாலும் ரத்தம் ஏற மாட்டேன் என்கிறது. "உனக்கு உடம்புவாகு அப்படி" என்று சொல்லி அவர்களை வீட்டில் விட்டு விடுகிறோம். இவர்களில் சிலருக்குக் குடலிலேயே நோய் இருக்கிறது.

அந்த நோய்க்குப் பெயர் குடல் அழற்சி நோய். அழற்சி என்றால் உள்ளே சிவந்து, வீங்கி, புண்ணாகிப் போவது. இதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், இது பெருங்குடலில் மட்டும் வரும். இன்னொன்று கிரோன்ஸ் நோய். 1932ஆம் ஆண்டு நியூயார்க்கில் இதைப் பற்றி எழுதிய மூன்று டாக்டர்களில் ஒருவரான கிரோன் என்பவரின் பெயரையே வைத்து விட்டார்கள். இது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரலாம். அதிகம் வருவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில்.

"அல்சர்" என்ற சொல்லைக் கேட்டதும் பட்டினி கிடந்தால் வரும், காரம் தின்றால் வரும் என்று நினைத்துக் கொள்ளாதீர்கள். நாம் சாதாரணமாக அல்சர் என்று சொல்வது இரைப்பைப் புண். இது அது இல்லை. நம் உடம்பில் கிருமியோடு சண்டை போடுவதற்கென்று ஒரு காவல் இருக்கிறது அல்லவா, அந்தக் காவலே தப்பாக நம் குடலைத் தாக்குவதால் வருகிற நோய் இது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. செய்வினை, சாபம், தோஷம் எதுவும் கிடையாது. பிள்ளைப் பருவத்திலிருந்து எந்த வயதிலும் வரலாம் என்றாலும் 15 வயதிலிருந்து 35 வயதுக்குள்தான் பலருக்கும் ஆரம்பிக்கிறது. அதாவது படிக்கிற வயசு, கல்யாண வயசு, பிள்ளை பெறுகிற வயசு.

எப்படித் தெரியும்? வாரக்கணக்கில் கழிச்சல் நிற்காது. மலத்தோடு ரத்தமும் சளியும் போகும். ராத்திரி தூக்கத்தில் எழுந்து ஓட வேண்டியிருக்கும். கிரோன்ஸ் என்றால் ரத்தம் தெரியாமலே இருக்கலாம். அடிவயிற்று வலி, விட்டு விட்டுக் காய்ச்சல், எடை குறைதல், ஆசனவாய் பக்கத்தில் கட்டி வந்து சீழ் வடிதல் என்று வரும். சிலருக்கு மூட்டு வலியும், கண் சிவப்பும் கூடவே வரும்.

நம்ம பெண்கள் என்ன செய்கிறார்கள்? ரத்தம் போனால் "மூலம்" என்று முடிவு கட்டி விடுகிறார்கள். வெளியே சொல்ல வெட்கம். கணவரிடம்கூடச் சொல்வதில்லை. மருந்துக் கடையில் ஆளை விட்டு மூலத்துக்கு மாத்திரை வாங்குவார்கள், இல்லாவிட்டால் சுவரில் விளம்பரம் எழுதியிருக்கிற ஆளிடம் போவார்கள். மூலமாகவும் இருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூலத்தில் கழிச்சல் வராது, எடை குறையாது, காய்ச்சல் வராது. இதெல்லாம் சேர்ந்து இருந்தால் அது மூலம் மட்டும் இல்லை. வயது நாற்பது, ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ரத்தம் போனால் புற்றுநோய் இல்லை என்பதையும் உறுதி செய்து கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. குடலில் காசநோய் வந்தாலும் கிரோன்ஸ் மாதிரியே இருக்கும். பார்ப்பதற்குப் பெரிய டாக்டர்களுக்கே குழப்பம் வரும். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு ஆகாது. காசநோய் இருப்பவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் முற்றி விடும். அதனால்தான் குழாய் விட்டுப் பார்த்து, சதையைச் சிறிது கிள்ளி எடுத்துச் சோதிக்கிறார்கள். கொலோனோஸ்கோபி என்று பெயர். "குழாயெல்லாம் விடுவாங்களாம்" என்று பயந்து பாதியில் ஓடி வந்து விடாதீர்கள்.

நோயைப் பற்றி இவ்வளவு போதும். நான் பேச வந்தது சாப்பாடும் சத்தும்.

இந்த நோய் வந்தவருக்குச் சத்து ஏன் குறைகிறது? உங்களுக்கு வரவு செலவுக் கணக்கு நன்றாகத் தெரியும், அப்படியே சொல்கிறேன். முதலாவது செலவு: ரத்தம். 1 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. தினமும் இரண்டு டீஸ்பூன், அதாவது 10 மில்லி ரத்தம் போனால் 5 மில்லிகிராம் இரும்பு போய் விடுகிறது. சாப்பாட்டிலிருந்து நம் உடம்பு ஒரு நாளைக்கு எடுத்துக் கொள்வது 1 முதல் 2 மில்லிகிராம்தான். வரவு 2, செலவு 5. எந்தக் குழு தாங்கும்?

இரண்டாவது, புண்ணான குடல் சத்தை உறிஞ்சாது. சாப்பிட்டது கழிச்சலாகப் போய் விடும். மூன்றாவது கொஞ்சம் வேடிக்கையானது. உடம்பில் அழற்சி இருக்கும்போது, இருக்கிற இரும்பையே உடம்பு பூட்டி வைத்துக் கொள்ளும். குதிருக்குள் நெல் இருக்கு, அடுப்பில் உலை கொதிக்குது, ஆனால் எடுக்க முடியாத நிலை. நோயை அடக்கினால்தான் அந்தப் பூட்டு திறக்கும்.

நான்காவது காரணம், பயந்து சாப்பாட்டைக் குறைப்பது. என் அனுபவத்தில் கிராமத்தில் பெண்களைச் சாய்க்கிறது மற்ற மூன்றையும் விட இதுதான் என்று சொல்வேன்.

எங்களிடம் ஒரு பெண் வந்தாள். 23 வயது, கல்யாணமாகி ஒன்றரை வருஷம். கழிச்சல் ஆரம்பித்ததும் வீட்டில் பத்தியம் என்றார்கள். பால் கூடாது, கழிச்சல் கூடும். முட்டை கூடாது, சூடு. பருப்பு கூடாது, வாயு. மீன் கூடாது, புண் ஆறாது. கீரை கூடாது, செரிக்காது. மிச்சம் இருந்தது கஞ்சியும் ரசம் சாதமும்தான். எட்டு மாதம் அதையே சாப்பிட்டிருக்கிறாள். 48 கிலோ இருந்தவள் 36 கிலோ ஆகி விட்டாள். ஹீமோகுளோபின் 6 கிராம். மாதவிலக்கு நின்று போயிருந்தது. "விசேஷமா இருக்குமோ" என்று வீட்டில் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள்! உடம்பில் சத்தே இல்லாததால் நின்ற மாதவிலக்கு அது. மாமியார் கெட்டவர் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து கால் பிடித்து விட்டுக் கொண்டுதான் இருந்தார். நல்லது என்று நினைத்துத்தான் ஒவ்வொன்றாக நிறுத்தியிருக்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணமாக உடம்புக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம் போலப் புரதம் வேண்டும். இந்த நோய் கிளம்பியிருக்கும்போது ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வேண்டும், ஏனென்றால் குடல் புண் ஆற வேண்டும். 45 கிலோ பெண்ணுக்கு 55லிருந்து 65 கிராம். நாள் முழுக்கக் கஞ்சியும் ரசம் சாதமுமாக 150 கிராம் அரிசி உள்ளே போனால் அதில் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு கிராம்தான். நோயாளிக்கு அதிகம் தேவைப்படுகிற நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு கொடுக்கிறோம். உடம்பு என்ன செய்யும்? தன் சதையையே கரைத்துச் சாப்பிடும்.

அதே பெண்ணுக்கு 300 கிராம் அரிசிச் சோறு, இரண்டு முட்டை, 60 கிராம் பருப்பு, ஒரு கிண்ணம் தயிர் கொடுத்துப் பாருங்கள், 50 கிராமுக்கு மேல் வந்து விடும். 100 கிராம் மீன் சேர்ந்தால் இன்னொரு 18 கிராம். ஒரே நேரத்தில் இவ்வளவும் இறங்காது. ஆறு வேளையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும்.

இப்போது ஒவ்வொரு சத்தாக வருகிறேன். இரும்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராம் இருக்க வேண்டும், கர்ப்பிணிக்கு 11. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. இதில் ஒரு ஆபத்து என்னவென்றால், எல்லாருக்கும் இருப்பதால் யாருக்கும் அது நோயாகத் தெரிவதில்லை. 8 கிராம் இருக்கிறவளையும் "பொம்பளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்று இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்பி விடுகிறோம். மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டும் ஏறவில்லை என்றால், ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும். மாதவிலக்கில் போகிறதா, கொக்கிப் புழுவா, குடலா என்று கேட்க வேண்டும். நீங்களே டாக்டரிடம் கேளுங்கள், தப்பில்லை.

இன்னொன்று. குடல் நோய் கிளம்பியிருக்கும்போது இரும்பு மாத்திரை பலருக்கு ஒத்துக் கொள்ளாது. வயிற்று வலி, குமட்டல், கழிச்சல் கூடும். உடனே "எனக்கு இரும்பு ஒத்துக்காது" என்று ஆயுசுக்கும் விட்டு விடுகிறார்கள். நோய் அடங்கி, சோகையும் லேசாக இருப்பவர்கள் மாத்திரை போடலாம். நோய் கிளம்பி இருந்தாலோ, ஹீமோகுளோபின் 10க்குக் கீழே இருந்தாலோ, மாத்திரை ஒத்துக் கொள்ளாவிட்டாலோ நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதுதான் சரி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு பாட்டிலில் கலந்து ஏற்றுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரிதான். குடல் வழியாகப் போகாமல் நேராக ரத்தத்துக்குப் போய் விடும். குடல் நோய் இருப்பவர்கள் மருத்துவமனைக்குப் போகும்போது "எனக்கு ஊசியாகப் போட முடியுமா" என்று வாய் திறந்து கேளுங்கள்.

ஃபெரிட்டின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும். சாதாரணமாக 30க்குக் கீழே போனால் குறைவு. ஆனால் குடல் அழற்சி இருக்கும்போது 100 வரை இருந்தாலும் குறைவாக இருக்கலாம். அழற்சியே அந்த எண்ணை உயர்த்திக் காட்டி விடும். "நார்மல்" என்று அச்சடித்த தாளைப் பார்த்துத் திருப்திப்பட்டு விடாமல், இந்த நோயைப் பார்க்கிற டாக்டரிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டில் இரும்பு சேர வேண்டும் என்றால் கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். டீயை விடச் சொல்லவில்லை, அது உங்களிடம் நடக்காது என்று எனக்குத் தெரியும்!

அடுத்தது பி12. இதை உறிஞ்சுகிற இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. கிரோன்ஸ் அதிகம் உட்காருகிற இடமும் அதுதான். அந்தப் பகுதியை ஆபரேஷன் செய்து எடுத்தவர்களுக்கு, ஏறக்குறைய ஒரு ஜாண் நீளத்துக்கு மேல் எடுத்திருந்தால், என்ன சாப்பிட்டாலும் பி12 சேராது, ஊசி தொடர்ந்து போட வேண்டி வரும். ஈரலில் சில வருஷத்துக்கு இருப்பு இருப்பதால் குறைவது உடனே தெரியாது. ஆபரேஷன் ஆகி இரண்டு மூன்று வருஷம் கழித்துப் பாதம் எரிகிறது, கை கால் மரத்துப் போகிறது, நாக்கு வழவழவென்று சிவந்திருக்கிறது, நடை தள்ளாடுகிறது, மறதி வருகிறது என்பார்கள். வயசாயிடுச்சு என்று நினைத்துக் கொள்வோம். ரொம்ப நாள் விட்டு விட்டால் நரம்புப் பாதிப்பு முழுசாகத் திரும்பாது.

பி12 எந்தக் கீரையிலும் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், கறி, ஈரல் இவற்றில்தான் இருக்கிறது. சைவம் சாப்பிடுகிற சகோதரிகள், அதிலும் பாலையும் பத்தியத்தில் நிறுத்தியவர்கள், கட்டாயம் பரிசோதித்துக் கொள்ள வேண்டும்.

இதோடு சேர்ந்தது போலிக் அமிலம். குடல் நோய்க்குக் கொடுக்கிற சல்ஃபாசலசின் என்ற மாத்திரை, போலிக் அமிலம் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். அதனால்தான் கூடவே சின்ன மஞ்சள் மாத்திரை எழுதித் தருகிறார்கள். "பெரிய மாத்திரைதான் மருந்து, சின்னது சும்மா" என்று அதை விட்டு விடுகிறவர்கள் நிறையப் பேர். கர்ப்பம் தரிக்கப் போகிற பெண்ணுக்கு அது ரொம்ப முக்கியம், குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக உருவாக வேண்டும். ஆனால் பி12 குறைந்தவர் 5 மில்லிகிராம் போலிக் மாத்திரையை மட்டும் மாதக்கணக்கில் போட்டால் ரத்தம் ஏறியது போல் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக் கொண்டே இருக்கும். அதனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கர்ப்பம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த நோய் இருந்தால் பிள்ளை பெற முடியாது என்று சொல்லிப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். அது பொய். நோய் அடங்கியிருக்கும் சமயத்தில் கருத்தரித்தால் பெரும்பாலும் நல்லபடியாகவே பிள்ளை பிறக்கிறது. கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து தானாக மாத்திரையை நிறுத்துவதால்தான் நோய் கிளம்பி, கர்ப்பத்துக்கும் ஆபத்து வருகிறது. மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து கர்ப்பத்தில் கூடவே கூடாது. அந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே, பல மாதம் முன்னாலேயே டாக்டரிடம் சொல்லி மாற்றிக் கொள்ள வேண்டும்.

எலும்புக்கு வருவோம். நோய் கிளம்பும்போது பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். சீக்கிரம் அடக்கும், நல்ல மருந்துதான். ஆனால் மாதக்கணக்கில் போனால் எலும்பைக் கரைக்கும். அதோடு வைட்டமின் டியும் கால்சியமும் குறைந்திருந்தால் முப்பது வயதிலேயே முதுகு வலி, இடுப்பு வலி. "வெயிலில்தானே வேலை செய்யறோம், எங்களுக்கு எதுக்கு வைட்டமின் டி" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நோயோடு வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிற பெண்ணுக்கு வெயில் எங்கே? அதனால் ஸ்டீராய்டு சாப்பிடும் நாட்களில் டாக்டர் தருகிற கால்சியம், வைட்டமின் டி மாத்திரையை விடக் கூடாது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அதே அளவு பாலில் 120தான். முள்ளோடு சாப்பிடுகிற நெத்திலியும் நல்லது. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தி விடாதீர்கள். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் மயங்கி விழுகிற நிலை வரும்.

துத்தநாகம், அதாவது ஜிங்க், கழிச்சலில் நிறையப் போய் விடும். புண் ஆறாது, முடி கொட்டும், நாக்கில் ருசி தெரியாது. சிலருக்கு வைட்டமின் ஏ குறைந்து மாலையில் கண் மங்கும். இதெல்லாம் டாக்டர் பார்த்துக் கொடுப்பார், கடையில் தானாக வாங்கி அடுக்க வேண்டாம்.

இனி அடுப்பங்கரை. நோய் கிளம்பி, கழிச்சலும் ரத்தமும் இருக்கும் நாட்களில் குழைந்த சோறு, இட்லி, இடியாப்பம், சலித்த கேழ்வரகு மாவுக் கஞ்சி, வேகவைத்து மசித்த பாசிப்பருப்பு, அவித்த முட்டை, முள் எடுத்த மீன், தயிர், வாழைப்பழம், பப்பாளி, மசித்த பரங்கிக்காய், கேரட் கொடுக்கலாம். காரம் குறைக்கலாம். எண்ணெயில் பொரித்தது வேண்டாம். கழிச்சல் அதிகமானால் உப்பு சர்க்கரைக் கரைசல் குடிக்க வேண்டும். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. டீஸ்பூனைத் தலை தட்டி அளக்க வேண்டும்.

பால் சிலருக்கு ஒத்துக் கொள்ளாது, உப்புசமும் கழிச்சலும் வரும். அவர்கள் பாலை நிறுத்தித் தயிர், மோர் சாப்பிடலாம். எல்லாரும் பாலை நிறுத்த வேண்டியதில்லை. நாலு நாள் விட்டுப் பார்த்து, மறுபடி குடித்துப் பார்த்தால் உங்கள் வயிறே சொல்லி விடும்.

குடல் சுருங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லியிருந்தால் கவனம் வேண்டும். நார் நாராக இருப்பது அங்கே போய் அடைத்துக் கொள்ளும். முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு, மக்காச்சோளம், கீரைத் தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல் இவர்களுக்கு ஆகாது. கீரையை இலை மட்டும் கிள்ளி, நன்றாக வேகவைத்துக் கடைந்து சாப்பிடலாம்.

நோய் அடங்கின பிறகு? இங்கேதான் எனக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் சண்டை வரும். சுருக்கம் இல்லாதவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் சாப்பிடலாம். காய், கீரை, பயறு, கடலை, கறி, எல்லாம்தான். ஆயுசுக்கும் பத்தியம் என்று இந்த நோய்க்கு எதுவும் கிடையாது. ஏதாவது ஒன்று சாப்பிட்டால் ஒவ்வொரு முறையும் தொந்தரவு வருகிறது என்றால் அதை மட்டும் விடுங்கள். ஒரு நாள் கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கழிச்சல் வந்தது என்பதற்காக ஏழு பதார்த்தத்தையும் சேர்த்துத் தள்ளி வைக்க வேண்டாம்.

அதே போல, சாப்பாட்டாலேயே இதைக் குணமாக்கி விடலாம் என்றும் நினைக்காதீர்கள். நோயை அடக்குவது மருந்து. அடங்கின பிறகும் மருந்தைத் தொடர வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வரும். சாப்பாடு உடம்பைத் தாங்கிப் பிடிக்கும்.

குழுவாக நீங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. கூட்டத்துக்கு வராத உறுப்பினருக்கு அபராதம் போடுகிறீர்கள். இந்த நோய் இருக்கும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை வெளிக்குப் போக வேண்டியிருக்கும். கழிப்பறை இல்லாத இடத்தில் இரண்டு மணி நேரம் எப்படி உட்காருவாள்? வெட்கத்தில் காரணமும் சொல்ல மாட்டாள். தொடர்ந்து வராதவர் வீட்டுக்கு ஊக்குநர் ஒரு தடவை போய்த் தனியாக விசாரியுங்கள். கழிப்பறை இருக்கிற இடமாகப் பார்த்துக் கூட்டம் வையுங்கள். குழாய்ப் பரிசோதனைக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றால் பஸ் செலவும் கூலி இழப்பும் உண்டு. அதற்கு உள்கடன் கேட்டால் முன்னுரிமை கொடுத்துத் தீர்மானம் போடுங்கள்.

இனி நீங்கள் கேட்கலாம்.

(உறுப்பினர்கள் கேட்ட சில கேள்விகளும் பதில்களும்)

"மூட்டு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போடறேன். எனக்கு இந்தக் குடல் நோயும் இருக்கு. போடலாமாம்மா?"

அக்கா, டைக்ளோபினாக், ஐபுப்ரூஃபன் மாதிரி வலி மாத்திரைகள் இந்த நோயைக் கிளப்பி விடக்கூடும். ஊசியாகப் போட்டாலும் அதே மருந்துதான். அவசரத்துக்குப் பாராசிட்டமால் போடலாம். ஆனால் உங்க மூட்டு வலியே குடல் நோயால் வந்ததாக இருக்கலாம், அதனால் குடலைப் பார்க்கிற டாக்டரிடமே மூட்டையும் சொல்லுங்கள்.

"என் பையனுக்குப் பன்னிரண்டு வயசு. அடிக்கடி வயிற்று வலி, கழிச்சல். கூடப் படிக்கிற பிள்ளைங்களை விடக் குட்டையா இருக்கான். பூச்சி மருந்து கொடுத்தும் சரியாகலை."

பூச்சி மருந்து கொடுத்தது சரிதான். அப்படியும் சரியாகவில்லை, வளர்த்தியும் நின்றிருக்கிறது என்றால் தாமதிக்காதீங்க. பிள்ளைகளுக்குக் கிரோன்ஸ் வந்தால் சிலருக்கு முதலில் தெரிவதே வளர்த்தி குறைவதுதான். இந்த நோயாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை, வேறு காரணமும் இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் எடுத்த உயரம், எடைக் கணக்கு இருந்தால் அதையும் எடுத்துக் கொண்டு குழந்தைகள் டாக்டரிடம் போங்க. வளர்கிற வயசு முடிவதற்குள் பார்த்தால் விட்ட உயரத்தைப் பிடிக்க வாய்ப்பு இருக்கிறது.

"எங்க நாத்தனாருக்கு இந்த நோய்தான்னு சொல்லிட்டாங்க. அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கணுமா?"

வேண்டாம்மா. ஒட்டுகிற நோய் இல்லை. எல்லாரோடும் உட்கார வைத்துப் பரிமாறுங்கள். அவளுக்கு மட்டும் ஒரு முட்டை கூடுதலாக வையுங்கள்.